ஏற்றாமல், இறக்காமல்

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் நல்லவிதமாகப் பேசினால் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நாத்தனார் என்றால் குறை சொல்லியே தீரவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கும் குறை சொல்லத் தெரியும். துணியைச் சரியாகப் பிழியாமல் காயப்போடுவாள். கதவைத் தாழ்போட மறப்பாள். கடைக்காரன் அழுகல் தக்காளியைத் தலையில் கட்டினாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருவாள். ஆனால் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், ஒரே ஒருநாள் தவிர, அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேண்டுமென்றே சீண்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். ஊஹும்.

அந்தக் குரல்தான் அவள் பிழைப்பு. நகராட்சி ஆஸ்பத்திரியில் அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். எக்ஸ்ரே எடுப்பது மெஷின்தானே, குரலுக்கு அங்கே என்ன வேலை என்று நானும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை எனக்கே நெஞ்சில் சளி கட்டி அவள் முன்னால் போய் நின்றபோதுதான் விளங்கியது. சில்லென்ற பலகையில் மார்பை ஒட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கி, கையை இடுப்பில் வைத்து நிற்க வேண்டும். எதிரே வெறும் சுவர். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கிருந்து குரல் மட்டும் வரும். “மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... விடலாம்.” அழுகிற குழந்தைக்கும் அதே குரல், சலம்புகிற குடிகாரனுக்கும் அதே குரல். கொஞ்சம் ஏறினால் பயந்துவிடுவார்கள், கொஞ்சம் இறங்கினால் ‘என்ன, என்ன’ என்று திரும்பிவிடுவார்கள் என்பாள். மூச்சு ஆடினால் படம் கலங்கும். அவள் எடுத்த படம் கலங்காது என்று ஆஸ்பத்திரியில் பேர் வாங்கியிருந்தாள்.

தம்பி பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவன். நான் வீட்டிலேயே தையல். புருஷன் போனபிறகு, இங்கேயே வந்து இரு அக்கா என்று தம்பி கூப்பிட்டான். வந்த என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து கொடுத்தாள். நான் அப்படியே தங்கிவிட்டேன். தங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் முதலாளியை யார் பார்த்துக்கொள்வது?

முதலாளி என்றால் அவர்களுடைய ஒரே பையன். அந்தப் பேரை வைத்தது நான். ஜன்னலோரம் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மூன்று பேரையும் வேலை வாங்குவான். பிறவியிலேயே கால் வராது. கை, சொன்னபடி கேட்காது. பேச்சும் வரவில்லை என்று நான் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒரு சொல் வந்ததே என்பாள். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. “ஆபூ.” அவ்வளவுதான். அதற்கு எந்த மொழியிலும் ஒரு அர்த்தமும் கிடையாது. நாலு வயசில் ஒருநாள் சொன்னான். பத்தொன்பது வயசு வரைக்கும் அது ஒன்றையேதான் சொன்னான்.

வந்துபோகிறவர்களுக்கு அது வெறும் சத்தம். எங்களுக்கு அப்படியில்லை. முன்னாலே வெட்டிச் சொன்னால் தண்ணீர். பின்னாலே இழுத்தால் விளக்கைப் போடு. உதட்டைக் குவித்து ஊதினாற்போல் சொன்னால் சோறு சுடுகிறது. மூக்கால் வந்தால், அத்தை, ஓடிவா, மூத்திரம். வாசலில் ஆள் வந்தால் ஒருவிதம். வந்தது எதிர்வீட்டுக்காரி என்றால் வேறொரு விதம். அவளை அவனுக்கு ஆகாது, எனக்கும்தான். நான் ஏதாவது புலம்பிக்கொண்டே தைத்தால், போதும் நிறுத்து என்று ஒரு ஆபூ போடுவான் பாருங்கள், பெரிய மனுஷன் தோற்றான்.

அவன் அம்மாவுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தான். எங்களுடையது மூன்றாவது மாடி. அவள் வேலை முடிந்து கீழே படியில் கால் வைக்கும்போதே இவன் தலையைச் சாய்த்துக்கொள்வான். எத்தனை பேர் ஏறி இறங்குகிற படி அது! அவள் கால் சத்தம் மட்டும் அவனுக்குத் தெரியும். கடைசித் திருப்பத்துக்கு அவள் வந்ததும் சொல்வான். ஆவை மெல்ல எடுத்து, நடுவில் கொஞ்சம் நிறுத்தி, பூவுக்கு வரும்போது சிரித்துவிடுவான். சொல் எங்கே முடிந்தது, சிரிப்பு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. வேறு யாருக்கும் அதை அவன் சொன்னதில்லை. நாளெல்லாம் கழுவித் துடைத்துச் சோறூட்டியவள் நான். எனக்கு ஒருநாள் சொல்லியிருப்பானா? மாட்டான். பொறாமையாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. மூச்சு விடும்போது உள்ளே கொறகொறவென்று சத்தம். அவளுடைய ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனோம். படம் எடுத்தது அவள்தான், வேறு யார்? படுக்க வைத்து, தம்பிக்கு ஈயக் கவசத்தை மாட்டிவிட்டு, தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். குரல் கேட்டது. “மூச்சை நல்லா இழுடா கண்ணு... அப்படியே பிடி...” எல்லோருக்கும் சொல்கிற அதே குரல். அவன் பிடிக்கவில்லை. அம்மா பேசுகிறாளே என்று “ஆபூ” என்றான். படம் கலங்கிப்போனது. மறுபடி எடுத்தாள். அந்தத் தடவை பதில் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை, படம் சுத்தமாக விழுந்தது. இருட்டறையிலிருந்து ஈரம் சொட்ட அதைக் கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

“என்னடி, எப்படி இருக்கு?” என்றேன்.

“டாக்டர் வந்து சொல்வாருக்கா” என்றாள். அவளுக்கு அப்போதே தெரியும். அந்த வாரத்திலேயே போய்விட்டான்.

செத்தவர்களுக்காக அழுது தீர்க்கிறவர்கள் உண்டு. நான் அப்படி. ஊரே கேட்க அழுதேன். தம்பி பணிமனையில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, டயர்களோடு மல்லுக்கட்டினான். அவள் இரண்டும் செய்யவில்லை. அவளுக்கு அவன் குரல் கேட்க ஆரம்பித்தது. பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பாலை அடுப்பில் வைத்திருக்கும்போது தண்ணீர் ஆபூ கேட்டால் கை தானாக டம்ளரை எடுக்கும். டம்ளரும் கையுமாக அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் போய் நிற்பாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கும். மாடிப்படிதான் அதைவிட மோசம். கடைசித் திருப்பத்தில் அவளுடைய ஆபூ கேட்கும். அந்தச் சிரிப்போடு. இரண்டு இரண்டு படியாகத் தாவி வருவாள். கதவைத் திறந்தால் நான்தான் உட்கார்ந்திருப்பேன், ஊசியும் நூலுமாக. என் மூஞ்சியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போவதைத் தினமும் பார்த்தேன். இது யாருக்கும் வரக்கூடாது.

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரை நிற்க வைத்து, மூச்சை இழுங்க என்றாள், பிடிங்க என்றாள், விடலாம் என்று சொல்ல மறந்துவிட்டாள். உள்ளே அவனுடைய சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் பாவம், சொல்பேச்சுக் கேட்கிறவர், பிடித்தது பிடித்தபடி நின்று முகமெல்லாம் நீலம் பாய்ந்து சரிந்துவிட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து, “இப்ப விடலாமாம்மா?” என்று கேட்டாராம். வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷர். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கூடத்தில் தியானம் சொல்லித் தருகிறார்கள், தன் மனைவிக்கும் அங்கே போய்த்தான் தூக்கம் வந்தது, போய்ப் பார் என்றார். தனியாகப் போகமாட்டாள் என்று தம்பி என்னையும் கூட அனுப்பிவிட்டான்.

சொல்லித்தருகிறவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். தாடி இல்லை, காவி இல்லை, முழுக்கைச் சட்டையில் பேனா. கூடத்தில் பாய் விரித்து ஒரு ரொட்டிக் கடைக்காரர், ஒரு தபால்காரர், இரண்டு ஆசிரியைகள் என்று பத்துப் பதினைந்து பேர். கீழேயிருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். மீட்டர்காரர் சொன்ன முறை சுலபம்தான். ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சோடு சேர்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மனசு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் கூப்பிட்டு அந்தச் சொல்லில் உட்கார வைக்க வேண்டும்.

“அர்த்தம் இருக்கிற சொல் வேண்டாம்” என்றார். “அர்த்தம் இருந்தா மனசு அதும் பின்னாடியே போயிடும். பணம்னு சொன்னா பாங்க்குக்குப் போயிடும். அர்த்தமே இல்லாத ஒரு சத்தம், வாய்க்குச் சுலபமா, அது போதும். ராகம் போடக் கூடாது. ஏத்தாம, இறக்காம, ஒரே மாதிரி. என்ன சொல்லை எடுத்தீங்கன்னு என்கிட்டகூடச் சொல்லக் கூடாது. வெளியே சொன்னா அடுத்தவங்க ஒரு அபிப்பிராயம் சொல்வாங்க, அப்புறம் மனசு அதைப் பிடிச்சுக்கும்.”

நான் எடுத்த சொல் ‘பாபின்’. இப்போது சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கண்ணை மூடி பாபின், பாபின் என்றேன். தையல் மெஷின் பாபினில் நூல் தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது, அப்புறம் நூல் கடைக்காரன், அப்புறம் அவன் மாமியார், அப்புறம் தூங்கிவிட்டேன். தபால்காரர் என்னை முந்திக்கொண்டு குறட்டையே விட்டார். அத்தோடு நான் போகவில்லை.

அவள் விடாமல் போனாள். வீட்டிலும் காலையில் எழுந்ததும், சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்திலும், சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்காருவாள். உதடுகூட அசையாது. நான் வேலை மெனக்கெட்டுக் கிட்டே போய்ப் பார்ப்பேன், சிலைதான். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் தேறினாள். முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா என்றாள். பால் பொங்கி வழிவது நின்றது. ஆஸ்பத்திரியில் படங்கள் பழையபடி சுத்தமாக விழுந்தன. மீட்டர்காரருக்கு ஒரே பெருமை. மற்றவர்கள் மாதக்கணக்கில் முக்கிக்கொண்டிருக்க, இவளுக்கு அந்தச் சொல் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டதாம். இவள் சொல்லவே வேண்டாம், மூச்சோடு மூச்சாக அதுவே சொல்லிக்கொள்ளும். அந்த நிலைக்கு வருவதுதான் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்களுக்கும் உயிர் வந்தது. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஏதோ நாடகம் கேட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டுத் திருட்டுமுழி முழித்தான். “சிரிடா, சிரிப்புக்கு யாரும் வரி கேக்க மாட்டாங்க” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் அவளைக் காணவில்லை. வருகிற நேரம் தாண்டிவிட்டது. எட்டிப் பார்த்தால் படிக்கட்டில், கடைசித் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பை ஒரு படியில், அவள் ஒரு படியில்.

“அக்கா, போயிடுச்சு” என்றாள்.

“என்னடி போயிடுச்சு? பர்ஸா? பஸ்ஸுல யாராவது...”

“அவன் கூப்பிடுறது போயிடுச்சுக்கா.”

எனக்குப் பிடிபடவில்லை. அது போகட்டும் என்றுதானே இத்தனை பாடுபட்டோம்? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அப்போதும் குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. இங்கே வந்ததும் அவனுடைய ஆபூ கேட்குமே, கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை, இன்றைக்கு நாமே நினைத்துப் பார்ப்போம் என்று நின்று நினைத்தாளாம். வரவில்லை. “என் குரல்தான் வருது. மூச்சை இழுங்க, பிடிங்கன்னு சொல்ற குரல். அதுலதான் ஆபூ, ஆபூன்னு ஓடுது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அடிப்பாவி! அந்தச் சொல்லையா எடுத்தே?”

“அர்த்தமே இல்லாத சத்தமா எடுக்கச் சொன்னாருக்கா. அவன் சொல்றதை எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க, அர்த்தமில்லாத சத்தம்னு. சரி, இதையே வெச்சுக்குவோம், காலையிலயும் சாயங்காலமும் அவன்கூட இருந்தாப்பல இருக்கும்னு...” மூச்சு வாங்கினாள். “ஏத்தாம இறக்காம சொல்லச் சொன்னார். எனக்குத்தான் அது கைவந்த வேலையாச்சேக்கா. நல்லா செஞ்சேன்.”

யாரிடமும் சொல்லாதே என்று ஒரு விதி வைத்தார்களே, அதன் வாயில் மண் விழ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு இழுத்து வந்திருப்பேன். அவன் வெட்டினது தண்ணீர், இழுத்தது விளக்கு, ஏற்றினது இறக்கினது எல்லாம் சேர்ந்துதானே அவன்! இவள் அதை ஒரே மட்டமாகத் தேய்த்துவிட்டாள். துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் குரலை விட்டுவை என்று தியானத்திடம் யார் சொல்வது?

வீட்டுக்குள் வந்து தேட ஆரம்பித்தாள். தொலைந்த சாவியைத் தேடுகிறாற்போல் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவன் சட்டையை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காத்திருந்தாள். வாசனை வந்தது, முகம் வந்தது, சிரிப்புக்கூட வந்தது. சத்தம் வரவில்லை. இதெல்லாம் கையில் படம்பிடிக்கிற போன் வராத காலம். ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அவனைப் பதிவுசெய்ய ஒருமுறை முயற்சி பண்ணியிருக்கிறோம். பட்டனை அமுக்கியதும் வாயை மூடிக்கொண்டு சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாடாவைத் தேடி எடுத்துப் போட்டாள். “சொல்லுடா, சொல்லுடா கழுதே, ஒரு தடவை சொல்லேண்டா” என்று என் குரல்தான் முழுக்க. அதை நான் எழுந்துபோய் நிறுத்தினேன், கேட்கச் சகிக்கவில்லை.

“நீங்க சொல்லிக் காட்டுங்கக்கா” என்றாள். “என்னைக் கூப்பிடுறது. நீங்கதான் தினம் கேட்டீங்களே.”

எனக்கு அது மனசில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். “ஆ... பூ.” சிரித்தும் காட்டினேன். பல்லுப் போன கிழவி கொஞ்சுகிறாற்போல் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள், “கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா” என்றாள். எனக்கு மனசு நோகக்கூடாதே என்று சொன்ன பொய் அது. கொஞ்சமும் கிட்டே இல்லை.

மறுநாள் நான் அந்த மீட்டர்காரரிடம் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடக்கட்டுமே, எனக்கென்ன? எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, நடுவே போய் நின்று கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “நான் அர்த்தமில்லாத சொல்லைத்தானேம்மா எடுக்கச் சொன்னேன்” என்றார்.

“உங்களுக்குத்தான்யா அதுல அர்த்தம் இல்லே!” என்றேன். அழுகை வந்துவிட்டது, கோபமாக வந்த இடத்தில் இந்த அழுகை ஒரு தொல்லை. “சரி, அதை நிறுத்துறதுக்கு வழி சொல்லுங்க. அவ சொல்லாமலே உள்ளே ஓடிக்கிட்டு இருக்காமே, அதை நிறுத்தணும். பழையபடி வேணும் அவளுக்கு.”

அவர் பேனாவைச் சட்டையிலிருந்து எடுத்தார், திரும்பச் சொருகினார். “ஓட வைக்கத்தான் எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லேம்மா” என்றார். பொய் சொல்லாமல் தெரியாது என்றாரே, அதற்குமேல் அவரை என்ன திட்டுவது? தபால்காரர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் அத்தோடு உட்காருவதை நிறுத்தினாள். நிறுத்தி என்ன? பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நல்லாத் தூங்கினாள், நல்லாச் சாப்பிட்டாள், அதுதான் கொடுமை. பார்க்கிறவர்கள் எல்லாம் தேறிட்டீங்கம்மா, முகத்தில் களை வந்துடுச்சு என்றார்கள். தலையாட்டி வைப்பாள்.

தம்பியிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருக்கிறான், எதற்கு என்று விட்டுவிட்டோம். ஆனால் எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்து, படத்துக்கு ஆளை நிற்க வைக்கிறாற்போல் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன்.

“ஏங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? லீவு நாள்ல நீங்க வீட்டுல இருந்து கேட்டிருக்கீங்களே. என்னை எப்படிக் கூப்பிடுவான்? சொல்லுங்க.”

என் தம்பிக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. டம்ளரைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். “ஆபூ” என்றான். டயர் மாட்டுகிற தொண்டை அது, அதில் என்ன வரும்? அவள், “ஆவை இன்னும் மெதுவா” என்றாள். மறுபடி சொன்னான். “நடுவுல நிறுத்துவான், கொஞ்சூண்டு.” சொன்னான். “இல்லே, அவ்வளவு இல்லே. இன்னொரு தடவை.” சொன்னான். அவள் முன்னால் சாய்ந்துவிட்டாள். அவன் வாயையே பார்க்கிறாள், அதற்குள்ளிருந்து பிள்ளை எட்டிப்பார்ப்பான் என்பதுபோல. “இன்னொரு தடவைங்க. சிரிப்போட. இன்னொரு தடவை.” அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் குரல் ஏறிக் கேட்டேன்.

அவன் சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். முகம் ஒருமாதிரி கோணியது. “போதும்மா” என்றான்.

“ஒரே ஒரு தடவை...”

“வேண்டாம்மா. எனக்கும் போயிடும்.”

அவள் விழித்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்கு இன்னும் கேக்குது. வேலை முடிஞ்சு வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுறேன் இல்லே, அப்போ. அப்பா வந்துட்டான்னு ஒரு சத்தம் போடுவானே, அது. தினமும் கேக்குது. உங்ககிட்ட சொல்லலே. இப்போ நீ சொல்லச் சொல்ல... அதுமேல என் குரல் ஏறி உக்காருது. விட்டுடும்மா.”

இத்தனை நாள் என் தம்பி துக்கத்தை டயரோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தேன்! தினமும் வாசலில் நின்று பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான். அதனால்தான் அவனால் சிரிக்க முடிந்திருக்கிறது.

அவள் கையை நீட்டி அவன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். கெட்டியாகப் பொத்தினாள், இனி ஒரு தடவைகூட அது வெளியே வந்துவிடக் கூடாது என்று. அவன் அந்தக் கையை எடுக்காமல் அப்படியே அழுதான். அவன் அழுது நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். நான் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டு யாரும் சொல்வதும் இல்லை. அவள் இப்போதும் படம் எடுக்கிறாள், இப்போதும் கலங்குவதில்லை.

சாயங்காலம் தம்பி வருகிற நேரத்தை அவள் எப்படித்தான் தெரிந்துகொள்கிறாளோ. வானொலியை அணைத்துவிடுவாள். அடுப்பைத் தணித்துவிடுவாள். “அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க” என்பாள். என்னைப் போய்! ஆனாலும் வாயை மூடிக்கொள்வேன். வெளியே செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். இந்தப் பக்கம் அவள், கையில் பிடித்த கரண்டியைக்கூட வைக்காமல், காதைக் கதவில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்த முகத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு மெல்ல விலகி அடுப்பைத் தூண்டிவிடுவாள். அவன் கதவைத் திறந்து வந்து, “டீ இருக்கா?” என்பான். “இருக்குங்க” என்பாள்.